ரேம்பில் பொருத்தப்போகும் கேமரா குறித்து நம் கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. உறுப்பினர்களின் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகளை இறக்கி ஆலை லோரிக்கு ஏற்றும் நம் ரேம்பில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா ஒன்றைப் பொருத்தப்போவதாகவும், அது ஒவ்வொரு குலையையும் படம்பிடித்துப் பழமா, அரைப்பழமா, காயா என்று பிரித்து, காய்க்காக நம் பணத்தில் குறைக்கும் கழிவையும் தானே கணக்கிட்டுச் சீட்டு அச்சிட்டுவிடும் என்றும், அதன் பிறகு பழம் பார்க்கும் மூவருக்கும் “வேறு பொருத்தமான வேலை” தரப்படும் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். இதைச் செயலாளரிடம் நேரில் பேசிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இது எல்லா உறுப்பினர்களின் பழத்தையும் பணத்தையும் தொடுவதாலும், இதே கேமராவை விற்பவர்கள் அக்கம்பக்கத்து ஊர்ச் சங்கங்களிலும் ஏறி இறங்குகிறார்கள் என்று கேள்விப்படுவதாலும், பலர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் எட்டு ஏக்கர் வைத்திருக்கும் சாதாரண உறுப்பினன். அதற்கு முன் 31 ஆண்டுகள் தோட்டங்களில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்தவன். விடியற்காலை வேலையாள்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எழுதி, ரப்பர்ப் பாலை எடை போட்டு, பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குலை எண்ணி வாழ்ந்தவன். ஆகவே கருவியைக் கண்டு மிரளும் கிழவன் என்று என்னை எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவியை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். கருவியை வைத்து ஒருமுறை பிறருக்குத் தீங்கும் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், கேமரா வரட்டும் என்பதே என் நிலை. ரேம்பில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 10 டன் லோரியில் 500 குலைகள் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மழை மேகம் திரளும் நேரத்தில் மூன்று லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றால், பழம் பார்க்கும் மூன்று பேர் ஒவ்வொரு குலையையும் புரட்டிப் பார்க்க முடியாது; மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். ஆலையில் மறுபடியும் தரம் பார்க்கும்போது காய் அகப்பட்டால் கழிவு லோரி முழுவதற்கும் விழுகிறது. யாரோ ஒருவர் வெட்டிய காய்க்கு அந்த லோரியில் பழம் ஏற்றிய அத்தனை பேரும் பணம் இழக்கிறோம். அதற்கு மேல் சந்தேகப் பேச்சு வேறு: “அவருடைய மாமன் பழத்துக்கு மட்டும் கழிவே இல்லையே” என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகூடப் பேசுகிறார்கள். மாமன் மச்சான் தெரியாத, மாலையில் கண் சோராத, பார்த்ததை எல்லாம் படமாகச் சேமித்து வைக்கும் ஒரு கருவி ரேம்பில் இருந்தால் இதில் பாதிச் சண்டை தீரும்.

ஆனால் அந்தக் கேமராவும் பழம் பார்க்கிறவர்களும் எந்த முறையில் சேர்ந்து வேலை செய்வது என்பதை நீங்கள் யோசிக்கவே இல்லை என்று அஞ்சுகிறேன். ஒன்றை வைத்து மற்றதை எடுத்துவிடலாம் என்பதோடு சுற்றறிக்கை முடிந்துவிடுகிறது.

செயல்விளக்கம் நடந்த அன்று நானும் ரேம்பில் இருந்தேன். நாற்பது குலைகளைச் சிமெண்டுத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். திரையில் ஒவ்வொரு குலையைச் சுற்றியும் ஒரு கட்டம் விழுந்தது: பழத்துக்குப் பச்சை, அரைப்பழத்துக்கு மஞ்சள், காய்க்குச் சிவப்பு. பார்க்க அழகாகவே இருந்தது, மறுக்கவில்லை. நடு வரிசையில் ஒரு குலைக்குப் பச்சைக் கட்டம் விழுந்தபோது, பதினாறு ஆண்டுகளாக நம் ரேம்பில் பழம் பார்க்கும் அக்கா தம் இரும்புக் கொக்கியால் அதைப் புரட்டிப் போட்டார். அடிப்பக்கம் முழுவதும் கருஊதா நிறம். ஒரு பழம்கூடக் கழன்றிருக்கவில்லை. மேல் பக்கத்தில் இருந்த குழிகளைக் காட்டி அவர், கேமராவைக் காட்ட வந்திருந்த இளைஞரிடம், “இது உதிர்ந்த குழி இல்ல தம்பி, எலி தின்ன குழி, விரல விட்டுப் பாருங்க, நாரு பிஞ்சு கெடக்கும்” என்றார். அந்தப் பிள்ளை விரலை விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி, “இதை நாங்கள் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை” என்று ஒப்புக்கொண்டார். அவர்மீது எனக்கு மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரப்பிரிப்பு முறைப்படி, ஒரு குலையில் பழங்கள் தாமாகக் கழன்று குறைந்தது 10 குழிகளாவது இருந்தால்தான் அது பழுத்த குலை. கேமரா குழிகளை எண்ணியது. குழி எப்படி உண்டானது என்பது அதற்குத் தெரியவில்லை. தானாகக் கழன்ற பழத்தின் குழி வழவழப்பாக இருக்கும் என்பதும், எலி கடித்த இடத்தில் நாரும் கடித்த மிச்சமும் இருக்கும் என்பதும் அந்த அக்காவின் விரலில் இருக்கும் அறிவு.

கதையை இங்கேயே நிறுத்தினால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். கால்மணி நேரம் கழித்து, அக்கா பார்த்து நகர்த்திய ஒரு குலைக்குத் திரையில் மஞ்சள் கட்டம் விழுந்தது. அவர் திரும்பி வந்து குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, “ஆமா, ஏழுதான் இருக்கு” என்றார். மஞ்சள்தான் சரி. அதாவது, அந்த ஒரு மணி நேரத்தில் கேமரா தனியாக இருந்திருந்தால் ஒரு காய் பழமாகப் போயிருக்கும்; அக்கா தனியாக இருந்திருந்தால் ஓர் அரைப்பழம் பழமாகப் போயிருக்கும்; இரண்டு பேரும் இருந்ததால் இரண்டும் அகப்பட்டன. செயல்விளக்கத்தில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். குழுவினர் தேநீருக்குப் போயிருந்தபோது இது நடந்தது என்பது ஒரு துரதிர்ஷ்டம்.

விற்பனையாளர் தந்த தாளில் நூற்றுக்கு இத்தனை சரியாகச் சொல்லும் என்று ஒரு பெரிய எண் அச்சாகியிருக்கிறது. கணக்கு எழுதிப் பழகியவன் என்ற முறையில் அந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூறு குலைகளில் தொண்ணூறு பழமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் “பழம், பழம்” என்று சொல்லும் ஒருவனும் தொண்ணூறு சரியாகச் சொன்னவன் ஆகிவிடுவான்; ஒரு காயைக்கூட அவன் பிடித்திருக்க மாட்டான். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: காய்களில் எத்தனையைப் பிடித்தது? பழத்தை எத்தனை முறை காய் என்று சொல்லி உறுப்பினருக்கு நட்டம் வைத்தது? அந்தச் சோதனை யாருடைய தோட்டத்துப் பழத்தில், எந்தப் பருவத்தில், எத்தகைய வெளிச்சத்தில் நடந்தது? நம் உறுப்பினர் சிலரின் நிலத்தில் விரெசென்ஸ் வகை மரங்கள் ஒன்றிரண்டு நிற்கின்றன. வழக்கமான நைக்ரெசென்ஸ் வகையின் காய் கருஊதாவாக இருந்து பழுக்கும்போது செம்மஞ்சளாக மாறும். விரெசென்ஸ் காயோ பச்சையாக இருந்து பழுக்கும். கருப்பைப் பார்த்துக் காய் என்று படித்த கேமரா பச்சையைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அன்று கேட்க மறந்துவிட்டேன்; வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

இப்போது என் கதை. 1980-களில், இங்கே பெயர் சொல்ல விரும்பாத ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தேன். மரம் சீவியவர்கள் பாலைக் கொண்டுவந்து ஸ்டோரில் வரிசையாக நிற்பார்கள். பாலை எடை போட்ட பிறகு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மெட்ரலக் என்ற கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்போம். ரப்பர் மிகுந்த பாலில் அது ஆழமாக அமிழும். தண்ணீர் மிகுந்தால் மேலே மிதக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் கூலி. ஒரு வாரமாக என் வரிசையில் எண் குறைந்துகொண்டே வந்தது. பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்றே நான் முடிவு கட்டினேன். ஒரு அம்மாள் மட்டும் வாளியை எடுக்காமல் நின்று, “கிராணி ஐயா, அதே மரம், அதே பாலு, அந்த வரிசைக் கருவிய எடுத்துப் பாருங்க” என்றார். “மெட்ரலக் சொல்லுதும்மா, நானா சொல்றேன்?” என்று பதில் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அவர் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதால் அடுத்த வரிசையின் மெட்ரலக்கை வாங்கிவந்து அதே பாலில் மிதக்கவிட்டேன். எண் சரியாக இருந்தது. என் கருவியின் குமிழில், கழுவாமல் விட்ட பால் காய்ந்து காய்ந்து தடித்த தோலாக ஒட்டியிருந்தது. அந்தத் தோல் அதை மேலே தூக்கிப் பிடித்திருந்தது. அன்றைய கூலியைத் திருத்தினேன். முந்தைய நாள்களின் கணக்கு ஏற்கெனவே மேலே போய்விட்டதால் திருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் வரிசையில் நின்ற பதினேழு பேரும் இழந்த அந்தப் பணம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அன்று அந்தத் தவறு பிடிபட்டதற்கு என் படிப்பு காரணமன்று. அந்த அம்மாள் தராசுக்குப் பக்கத்தில் நிற்க முடிந்தது, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க முடிந்தது, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கருவி ஒன்று இருந்தது. நம் ரேம்பில் அச்சடித்த சீட்டு வரும்போது இந்த மூன்றில் எது இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். உறுப்பினர் லோரியை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பார். கழிவு கைத்தொலைபேசிக்கு வரும். அலுவலகத்தில் கேட்டால், “கேமரா சொல்லுது அண்ணே” என்பார்கள். நான் சொன்ன அதே பதில்தான்.

கேமரா சொல்வதை ஒரு மனிதர் சரிபார்ப்பார் என்று எழுதிவிட்டால் போதும் என்று குழுவில் ஒருவர் சொன்னதாக அறிகிறேன். போதாது. சரிபார்க்கிறவர் கருவியின் விடையை முன்கூட்டியே பார்த்துவிட்டால் அவருடைய கண் அந்தப் பக்கமே சாயும். இதை ஜெர்மனியில் மருத்துவர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். 2023-இல் அந்த ஆய்வு வெளியானது. மார்பக எக்ஸ்ரே படம் பார்க்கும் 27 மருத்துவர்களிடம் 50 படங்களைத் தந்து, ஒவ்வொன்றுடனும் கணினியின் கணிப்பு என்று ஒரு விடையையும் காட்டினார்கள். அவற்றில் சில வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டவை. கணிப்பு சரியாக இருந்தபோது மிகுந்த அனுபவமுள்ளவர்கள் நூற்றுக்கு 82 படங்களைச் சரியாகச் சொன்னார்கள். கணிப்பு தவறாக இருந்தபோது அது ஏறத்தாழ 45-ஆகச் சரிந்தது. அனுபவம் குறைந்தவர்களோ 80-லிருந்து 20-க்கு விழுந்தார்கள். பல ஆண்டு படித்து, உயிர் காக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், மழைக்கு முன் லோரியை அனுப்பச் சொல்லி விரட்டப்படும் நம் அக்காவிடம் திரையைக் காட்டி, “சரிதானே?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இது: மனிதர் பார்த்துத் தம் முடிவைச் சொல்லிய பிறகே கேமராவின் முடிவு அவர் கண்ணில் பட வேண்டும். திரையைப் பழம் பார்க்கிறவருக்கு முதுகு காட்டி வையுங்கள். அவர் வாயால் சொல்லட்டும், எழுத்தர் பதியட்டும், அதன் பிறகு திரையோடு ஒப்பிடட்டும். இரண்டும் ஒத்தால் பேச்சில்லை. ஒத்துப்போகாத குலை மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டு, புரட்டி, விரல் விட்டு, மறுபடி எண்ணப்பட வேண்டும்.

ஐந்நூறு குலைக்கும் இப்படிச் செய்தால் கேமரா வாங்கி என்ன மிச்சம் என்று பொருளாளர் கேட்பார், நியாயமான கேள்வி. இதற்கும் மருத்துவத்திலேயே ஒரு வழி இருக்கிறது. சுவீடனில் 80,000 பெண்களை உட்படுத்திய ஒரு பெரிய சோதனையில், கணினி முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று முதல் பத்து வரை ஓர் அபாய மதிப்பெண் தந்தது. மதிப்பெண் குறைந்த படங்களை வழக்கம்போல இருவர் பார்க்காமல் ஒரே மருத்துவர் பார்த்தார். மிக அதிகமானவற்றை இருவர் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி படம் பார்க்கும் வேலைச்சுமை 44 விழுக்காடு குறைந்தது. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. கவனியுங்கள், ஒரு படம்கூட மனிதர் பார்க்காமல் போகவில்லை. எந்தப் படத்துக்கு எத்தனை கண் என்பதைத்தான் கணினி சொன்னது.

நம் ரேம்புக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. குலை உயிர்ப் பிரச்சினை இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம். கேமரா ஐயமின்றிப் பழம் என்று சொல்லும் குலைகள் நேராக நகரட்டும். அது தயங்கும் குலைகளும், காய் என்றோ அரைப்பழம் என்றோ சொல்லும் குலைகளும், கேமரா என்ன சொன்னது என்பது தெரிவிக்கப்படாமல், மனிதர் பக்கம் வரட்டும். நேராகப் போகும் குவியலிலிருந்தும் நாள்தோறும் கைக்கு வந்த சிலவற்றை எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எலி கடித்த குலை பச்சைக் கட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும், நாம் அறியவே மாட்டோம். உறுப்பினருக்குப் பணம் குறைக்கும் எந்த முடிவும் மனிதரின் பெயரோடும் கையெழுத்தோடும் வர வேண்டும். ஆலையிலிருந்து புகார் வந்தாலும் உறுப்பினர் வந்து கேட்டாலும் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. கேமராவை அழைத்து நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்க முடியாது.

இங்கே ஒரு சிறிய விலகல். செயல்விளக்கத்தின்போது இளைய உறுப்பினர் ஒருவர், 1997-இலேயே உலகச் சதுரங்க வெற்றியாளர் காஸ்பரோவைக் கணினி தோற்கடித்துவிட்டது, பழம் பார்ப்பது அதைவிடக் கடினமா என்றார். கடினந்தான். சதுரங்கத்தில் அறுபத்து நான்கு கட்டங்களும் கண்முன் இருக்கின்றன. அடிப்பக்கம் என்று ஒன்று இல்லை. 2005-இல் மனிதர்களும் கணினிகளும் சேர்ந்து ஆடலாம் என்று வைத்த ஒரு போட்டியில், சாதாரணக் கணினிகள் மூன்றை வைத்துக்கொண்டு இரண்டு பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் வென்றார்கள் என்பதையும் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். இன்றைய சதுரங்கக் கணினிகளுக்கு அந்தத் துணையும் தேவைப்படாது என்பது உண்மைதான். நம் கேமராவும் ஒருநாள் அந்த நிலைக்கு வரலாம். வந்துவிட்டதா என்பதை ஒத்துப்போகாத குலைகளின் கணக்குப் புத்தகம் சொல்லட்டும்; விற்பனைத் தாள் சொல்ல வேண்டாம்.

“வேறு பொருத்தமான வேலை” என்ற சொற்களுக்கு வருகிறேன். இந்தச் சொற்களை நான் முதன்முதலில் கேட்டது என் தாயாரின் விஷயத்தில். 1970-களின் இறுதியில் அவர் செம்பனைக்கு மகரந்தம் தூவும் வேலையில் இருந்தார். அப்போது நம் நாட்டுச் செம்பனைக்குச் சரியான பூச்சித் துணை இல்லை. பெண்கள் மரம் மரமாகப் போய், முக மாவோடு கலந்த மகரந்தத்தைப் பெண் பூங்குலையின்மேல் ஊதிவிட வேண்டும். பூ விரிந்திருந்தால் சோம்பு வாசம் வரும். என் தாயார் நான்கு மரம் தள்ளி நின்றே எந்த மரத்தில் விரிந்திருக்கிறது என்று சொல்வார். மாலையில் வீட்டுக்கு வரும்போது அவர் சேலையிலும் அந்த வாசம் இருக்கும். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி அந்த வேலையை முழுவதும் எடுத்துக்கொண்டது, காய்ப்பும் கூடியது. நாட்டுக்கு நல்லதுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் என் தாயாரை உதிரிப் பழம் பொறுக்க அனுப்பினார்கள். பூவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. கேமராவுக்குத் தேவைப்படுகிறது. அது தானாக எதையும் அறிந்துகொள்ளவில்லை. எவரோ ஆயிரக்கணக்கான படங்களுக்கு முன் உட்கார்ந்து இது பழம், இது காய் என்று குறித்துத் தந்ததைப் படித்துத்தான் அது சொல்கிறது. எலி கடித்த குழியை அதற்குக் கற்பிக்கப்போவது யார்? விற்பனையாளரின் அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் இருக்கும் பிள்ளைகளா, நம் அக்காவா? அக்காதான் என்றால், அது பழம் பார்ப்பதற்கு மேற்பட்ட வேலை. அதற்குத் தனிக் கூலி உண்டு என்று எழுதுங்கள். மூவரில் இருவர் ரேம்பிலேயே இருக்கட்டும், சுழற்சி முறையில் ஒருவர் ஒத்துப்போகாத படங்களைப் பார்த்துக் குறிக்கட்டும். அவர்கள் குறித்துத் தரும் படங்கள் நம் சங்கத்தின் சொத்து என்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இப்போதைய வரைவின்படி எல்லாப் படங்களும் விற்பனையாளருக்குப் போகின்றன. நம் ஆள்களின் அறிவைச் சேர்த்துக்கொண்ட கேமராவை அவர்கள் நாளை நமக்கே கூடுதல் விலைக்கு விற்கலாம்.

அந்தப் பதிவுகளில் உறுப்பினரின் பெயரும், லோரி எண்ணும், யார் நிலத்தில் எவ்வளவு விளைகிறது என்ற விவரமும் இருக்கின்றன. 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்பில் சேரும் இத்தகைய விவரங்களுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் அரசாங்கம் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டியில் நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்பு உட்பட ஏழு நெறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை கட்டாயமில்லை, ஆனாலும் ஒப்பந்தத்துக்கு முன் விற்பனையாளரிடம் கேள்வி கேட்க நல்ல பட்டியல்.

அலுவலகத்தில் மலாய்ச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்க எழுத்தர் பயன்படுத்தும் உரையாடல் செயலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரிய உதவி. முன்பு இரண்டு நாள் ஆன வேலை இப்போது அரைமணியில் முடிகிறது. ஆனால் சென்ற முறை “பிஜி ரெலாய்” என்பதை அது “தளர்ந்த விதைகள்” என்று மாற்ற, அது அப்படியே அச்சாகி வந்தது. உதிரிப் பழம் என்று எழுதியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். விதையை எதற்குச் சாக்கில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் மரத்தடியிலேயே விட்டுவிட்டார்கள். எண்ணெய் மிகுந்ததே அந்தப் பழம்தான். தமிழும் தோட்டமும் தெரிந்த ஒருவர் ஐந்து நிமிடம் படித்துப் பார்த்த பிறகு அச்சிடுங்கள். நானே வந்து படித்துத் தருகிறேன்.

இறுதியாக, நடைமுறை. ஆண்டுக் கூட்டத்துக்கு முன் கையெழுத்திட வேண்டாம். நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில்; தங்களைக் கேட்காமல் தங்கள் வாழ்க்கை முடிவு செய்யப்படுவதைப் பார்த்தவர்கள் பணத்தைப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த சங்கம் அது. அந்த ஊரில் இருந்துகொண்டு நம் சிறிய சங்கமும் உறுப்பினரைக் கேட்காமல் இதைச் செய்வது பொருத்தமாக இல்லை. இரண்டு மாதம் கேமராவைச் சோதனைக்கு மட்டும் ஓடவிடுங்கள்; கழிவுச் சீட்டு பழையபடி மூவரின் கையெழுத்தில் வரட்டும். ஒத்துப்போகாத ஒவ்வொரு குலைக்கும் ஒரு புத்தகத்தில் தேதி, படம், கேமரா சொன்னது, மனிதர் சொன்னது, புரட்டிப் பார்த்தபின் தெரிந்தது என்று எழுதி, அந்தப் புத்தகத்தைக் கூட்டத்தில் வையுங்கள். கழிவு விழுந்த உறுப்பினர் ரேம்புக்கு வந்து தம் குலையைப் புரட்டிப் பார்க்கக் கேட்கும் உரிமையும் விதிமுறையில் ஒரு வரியாக ஏறட்டும். அதற்காக ஒதுக்கிய குலைகளை மறுநாள் காலை ஆலை லோரி கிளம்பும்வரை வைத்திருந்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் பழம் கெட்டு எண்ணெயில் அமிலம் ஏறிவிடும்.

புத்தகம் எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். 31 ஆண்டு செக்ரோல் எழுதிய கை இன்னும் நடுங்கவில்லை. கூலி வேண்டாம், மூன்று மணிக்கு ஒரு தேநீர் கொடுத்தால் போதும். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் ரேம்பில் இருப்பேன். அந்த எலி கடித்த குலையின் படங்கள், மேல்பக்கமும் அடிப்பக்கமும், என் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. அன்று தேநீருக்குப் போயிருந்த குழு உறுப்பினர்கள் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினன், முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.